வாடகைக்கு எடுப்பதும் சேர்த்து வைப்பதும்

மின்னிதழுக்குச் சந்தா கட்டும் நூலகம் பெரும்பாலும் எதையும் வாங்குவதில்லை. படிக்கும் அனுமதியை வாடகைக்கு எடுக்கிறது. திருவனந்தபுரத்தில் 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகத்தின் அலமாரிக்கு வந்த நூல், காசு கட்டியாகிவிட்டதால் அங்கேயே நிற்கும். மின்னிதழ் அப்படியில்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்காவிட்டால், சந்தா முடிந்ததும் பழைய இதழ்களும் கைவிட்டுப் போகலாம். ஆகவே மின்வளக் கொள்கை எது வாடகை, எது சேமிப்பு என்று பிரித்தே எழுதப்பட வேண்டும்.

இந்தியா வாடகையில் கெட்டி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. கேரளப் பல்கலைக்கழக மாணவருக்கு இது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த இதழ் வேண்டும் என்ற தேர்வு உள்ளூர் நூலகரின் கையை விட்டுப் போகிறது. இலங்கையிடம் அந்த அளவு பணம் இல்லை. 2022இல் டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது, டாலரில் கட்டும் எந்தச் சந்தாவும் சில மாதங்களில் ஏறக்குறைய இருமடங்கானது. 1981இல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தமிழ்ச் சமூகமோ வேறு வழி பிடித்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம், இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல், பத்திரிகை, நினைவு மலர், துண்டு வெளியீடு வரை ஸ்கேன் செய்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது.

இந்த மின்னூலகத்தை வைத்து வேதியியல் ஆய்வு நடக்காதே என்பார்கள். நடக்காதுதான், அதற்குச் சந்தா வேண்டும். உள்ளூர்ச் சரக்கை யார் படிக்கிறார்கள், பயன்பாட்டுக் கணக்கைக் காட்டுங்கள் என்பது அடுத்த மறுப்பு. வாடகைக்கு அந்தக் கணக்கு சரி, யாரும் திறக்காத இதழை நிறுத்திவிடலாம். ஒரே பிரதியாக மிஞ்சியிருக்கும் நினைவு மலருக்கு அதே அளவுகோலை வைத்தால், படிக்க ஆள் வருமுன்பே அது போய்விடும். திருவனந்தபுரத்தின் காரியவட்டம் சுவடி நூலகத்தின் தமிழ் ஓலைகளையும், ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை வாழ்ந்த அந்த நகரத்தின் பழைய தமிழ் அச்சுகளையும் எந்த வெளிநாட்டுப் பதிப்பகமும் விற்க வராது. சந்தாவை மத்திய அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, உள்ளூர் நூலகத்தின் ஆளும் நேரமும் இவற்றுக்குத்தான் திரும்ப வேண்டும். நிதியில்லை என்ற பதிலும் முழுதாக எடுபடாது: ‘நூலகம்’ தன்னார்வலர்களின் உழைப்பில் தொடங்கியது.