சுவரில் பூநாரை, அலையாத்தியில் நாரை: பழம்பறவை ஓவியப் படிகளும் நம் இல்ல அலங்காரமும்

முன்னுரை

அண்மையில் பாகான் செராயில் நண்பர் ஒருவரின் புதுமனைப் புகுவிழாவிற்குச் சென்றிருந்தேன். வரவேற்பறைச் சுவரில் பிள்ளையார் படத்திற்கு எதிரே, கறுப்புச் சட்டமிட்ட பெரிய பறவைப் படம் ஒன்று தொங்கியது. செந்நிற உடலும் வளைந்து தாழ்ந்த கழுத்தும் கொண்ட பூநாரை அது. தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த நண்பரின் பாட்டி என்னிடம், “தம்பி, இந்தக் கொக்கு குனிஞ்சி என்னத்தத் தேடுது?” என்று வினவினார். நான் விடையளிக்குமுன் பேரன் முந்திக்கொண்டு, “அது சும்மா அலங்காரத்துக்குப் பாட்டி” என்றான்.

பாட்டியின் வினா படத்தைப் பார்த்த வினா. பேரனின் விடை படத்தைப் பாராத விடை. பழம்பறவை ஓவியங்களின் அச்சுப்படிகள் நம்மவர் இல்லங்களிலும் உணவகங்களிலும் இன்று பரவலாகக் காணக்கிடக்கின்றன. அவற்றை நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தாளுக்குப் பணிந்த கழுத்து

அப்படத்தின் மூலம் ஜான் ஜேம்ஸ் ஆடுபனின் ‘அமெரிக்கப் பறவைகள்’ என்னும் தொகுதியைச் சார்ந்தது. 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அத்தொகுதியில் 435 ஓவியத் தட்டுகள் உள. ஒவ்வொரு பறவையையும் அதன் உண்மை அளவிலேயே காட்டவேண்டும் என்பது ஆடுபனின் கொள்கை. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள தாளிலும் பூநாரை நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஆகவே அதன் தலை தாழ்ந்தது. நீரில் தலையைக் கவிழ்த்து அலகால் இரையை வடித்துண்பது பூநாரையின் இயல்பு. தாள் வேண்டிய வளைவைப் பறவையின் இயல்பும் அனுமதித்தது எனலாம். பாட்டியின் வினாவிற்கு இதுவே விடை.

புளோரிடாவில் பூநாரைகளைக் கண்டும் அவற்றுள் ஒன்றையேனும் பெற இயலாத ஆடுபன், பின்னர்க் கியூபாவிலிருந்து கிடைத்த உயிரற்ற உடல்களைக் கொண்டே இலண்டனில் இவ்வோவியத்தைத் தீட்டினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நாம் அழகென்று கருதும் அவ்வளைவில் அறிவியலும் வேட்டையும் தாளின் அளவும் கலந்துள்ளன. இவற்றை அறிவதால் படத்தின் அழகு குன்றுவதில்லை. மாறாக, நின்று பார்ப்பதற்குக் காரணம் பிறக்கிறது.

கைகளும் பெயர்களும்

மேலைநாட்டுப் பறவையைச் சுவரில் மாட்டுவது அடிமை மனப்பான்மை என்று சிலர் வாதிடக்கூடும். அவ்வாதம் எனக்கு முழுமையாக உடன்பாடன்று. அழகுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆயினும், நம் மண்ணிலும் நம் முன்னோர் மண்ணிலும் தீட்டப்பட்டவை இருக்க, அவற்றை அறியாமலே இருப்பது குறையாகும்.

மலாக்காவின் நிருவாகப் பொறுப்பில் 1803 முதல் 1818 வரை பணியாற்றிய வில்லியம் ஃபார்குவார், இவ்வட்டாரத்துச் செடிகொடிகளையும் விலங்கு பறவைகளையும் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். 477 ஓவியங்கள் கொண்ட அத்தொகுப்பு 1827இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தைச் சேர்ந்தது. 1993இல் ஏலத்தில் வாங்கப்பெற்றுச் சிங்கப்பூருக்கு நன்கொடையாகக் கிடைத்தது. தொகுப்பு இன்றளவும் ஃபார்குவாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. தூரிகை பிடித்தவர்களின் பெயர்களோ நமக்குக் கிட்டவில்லை.

சென்னையில் தீட்டப்பட்டவையும் உள. உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவரின் துணைவியாக 1801இல் அங்கு வந்த எலிசபெத் குவில்லிம், 1807இல் அந்நகரிலேயே மறையும் வரை பறவைகளை உயிருடன் பார்த்து வரைந்தார். ஆடுபனின் முதல் தட்டு அச்சேறுவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முந்தைய பணி அது. அவருடைய 121 பறவை ஓவியங்கள் மொன்றியால் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் பேணப்படுகின்றன. தாமஸ் ஜெர்டன் 1847இல் சென்னையில் நிறைவு செய்த இந்தியப் பறவையியல் ஓவிய நூலிலும் உள்ளூர் ஓவியர்களின் கை உண்டு. எனினும் இவற்றை நம் இல்லச் சுவர்களில் நான் கண்டதில்லை. கடைகளில் கிடைப்பதே நம் இரசனையாகிவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

சன்னலுக்கு வெளியே

கிரியான் மாவட்டம் பறவைகளுக்குப் புதிய இடமன்று. 1906இல் நிறைவுற்ற நீர்ப்பாசனத் திட்டத்தால் வளம்பெற்ற நெல்வயல்கள் பாகான் செராயைச் சூழ்ந்துள்ளன. மேற்கே கோல குலாவின் அலையாத்திக் காடுகள் கடற்பறவைகளுக்கும் வலசைப் பறவைகளுக்கும் புகலிடமாக விளங்குகின்றன. ஆங்கிலத்தில் ‘பால்நிற நாரை’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட அரிய நாரை அங்கு வாழ்ந்து வந்தது. அருகிவிட்ட அவ்வினத்தைக் காக்கத் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் வளர்க்கப்பட்ட நாரைகள் அங்கே விடப்பட்டன. வேடந்தாங்கலில் கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரைக்கு அது நெருங்கிய உறவு.

இவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். அத்துறைமுகத்திற்குத் தெற்கே உள்ள கோடியக்கரை, பூநாரைகள் வந்திறங்கும் இடமாகும். ஆக, சுவரில் தொங்கிய பறவையின் இனம் நமக்கு அந்நியமன்று. அதற்குத் தமிழில் அழகிய பெயரும் உண்டு. பேரன் அறியாதது அப்பெயரைத்தான். சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதனுப்பியபோது அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டார். தூதுப் பாடலென்று அதைக் கற்பிக்கும் நாம், கூர்ந்து பார்த்த கண்ணின் பதிவென்று கற்பிக்கிறோமா? நீண்ட கால்களையுடைய பறவை எதுவாயினும் ‘கொக்கு’ என்றெழுதும் மாணவர் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்கள் இவ்வினாவைத் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

முடிவுரை

பழம்பறவை ஓவியப் படிகளை அகற்றவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. படத்திற்குக் கீழே பறவையின் தமிழ்ப் பெயர், வரைந்தவர் அல்லது வரைந்த இடம், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டினால் போதும்; அலங்காரம் அறிவாக மாறும். தமிழ்ப்பள்ளி நூலகச் சுவரில் பூநாரைக்குப் பக்கத்தில் கோல குலாவின் நாரையும் இடம்பெறட்டும். விழா முடிந்து விடைபெறுமுன் பாட்டியிடம், “பேரு பூநாரை, தாளுக்குள் அடங்கவே குனிந்து நிற்கிறது” என்றேன். அவர் சற்று நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “பாவம், நிமிர எடங் கொடுக்கல” என்றார். அப்படத்தைப் பற்றி நான் கேட்ட திறனாய்வுகளுள் அதனினும் சிறந்தது வேறில்லை.