பஞ்சுப் பனி

சவுக்குக் கிளையில் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, அதற்குப் பனி என்று பெயர் சொல்லுகிற அசட்டுத்தனம் நம் ஊர்க் கிறிஸ்தவர் வீடுகளை விட்டு என்றைக்குத்தான் தொலையுமோ என்று ஒரு நண்பர் முன்பு என்னிடம் அங்கலாய்த்துக்கொண்டார். நண்பரும் கிறிஸ்தவர்தான். நல்ல வாசகர். எது அசல், எது போலி என்று மோப்பம் பிடிப்பதில் அவர் மூக்கு கூர்மையானது. மாவிலைத் தோரணமும் மாக்கோலமும் குத்துவிளக்கும் இருக்க, ஜெர்மன்காரனுடைய மரமும் இங்கிலீஷ்காரனுடைய பனியும் நமக்கு எதற்கு என்பது அவர் கட்சி. அதிலும் அவர் பார்த்துவிட்டு வந்தது நெய்வேலியில் ஒரு வீடு. மார்கழியிலும் பகலில் மின்விசிறி சுற்றுகிற ஊரில் பனியாம்!

கட்சி கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாவலைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினோம்: மேல்நாட்டுச் சரக்கு, ஆகவே நம்முடையது ஆகாது என்று. பிறகு நாவல்களைப் படித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டோம். வீட்டையும் கொஞ்சம் படித்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

முதலில் அந்த இங்கிலீஷ் மரத்தையும் பனியையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுக்குள் மரம் வைக்கிற பழக்கம் அப்படியொன்றும் பழங்காலத்துச் சங்கதி இல்லை. 1848 டிசம்பரில் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ ஒரு படம் போட்டது. விக்டோரியா ராணியும், ஜெர்மனியிலிருந்து வந்த அவர் கணவர் ஆல்பர்ட்டும், குழந்தைகளுமாக விளக்கேற்றிய மரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். அரண்மனைக்குள் முன்பே இருந்த பழக்கம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அது ஊர்ப் பழக்கமாகப் பரவிற்று. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்று அதே படத்தை எடுத்து, ராணியின் கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் அழித்துவிட்டு, யாரோ ஓர் அமெரிக்கக் குடும்பம் மாதிரி அச்சிட்டது. மீசையை எடுத்துவிட்டால் சுதேசிப் படம்! பத்திரிகைப் படத்தைப் பார்த்து வீட்டை ஜோடிக்கிற குற்றத்தை நெய்வேலிக்காரர்கள் தொடங்கி வைக்கவில்லை.

பனியின் கதை இதைவிட ருசியானது. டிக்கன்ஸ் 1812-ல் பிறந்தவர். அவருடைய சின்ன வயது வருஷங்கள் இங்கிலாந்தில் வழக்கத்துக்கு மீறிக் குளிர்ந்த வருஷங்கள். 1843-ல் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ எழுதியபோது கதைக்குள் விழுந்த பனி, பையனாக இருந்தபோது அவர் பார்த்த பனி என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. அதற்கப்புறம் லண்டனில் எத்தனையோ கிறிஸ்துமஸ்கள் வெறும் தூறலோடு வந்து போயின. வாழ்த்து அட்டைகளில் மட்டும் பனி நிற்கவே இல்லை. லண்டன்காரனுக்கே அது பாதிக்கு மேல் ஞாபகத்தில் பெய்கிற பனிதான்.

இந்த விஷயத்தில் டிக்கன்ஸ் எழுதியவற்றுள் எனக்கு மேலாகப் படுவது ‘கேரல்’ அல்ல. 1850-ல் தம்முடைய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ பத்திரிகையில் கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மரத்தை ஜெர்மன் விளையாட்டுச் சாமான் என்றே அதில் சொல்கிறார். குழந்தைகள் கூடி நின்ற மரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தனியே உட்காருகிறார். அப்போது கிளைக்குக் கிளை தம்முடைய பாலியத்துச் சாமான்கள் தொங்குவது தெரிகிறது: நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போலப் படுக்க மாட்டேன் என்று உருளுகிற ஒரு பொம்மை; டப்பியைத் திறந்தால் துள்ளி எழுகிற கறுப்பு அங்கிக்காரன்; எப்போதோ தம்மைக் கதிகலங்க வைத்த ஒரு முகமூடி. அழகான மரத்தின் நடுவில் ஒரு பயத்தையும் தொங்கவிட அவருக்குத் தைரியம் இருந்தது. பின்பாதியில் பேய்க்கதைகளில் இறங்கிவிடுகிறார், கட்டுரை தொய்ந்துபோகிறது; அது கிடக்கட்டும். ஜோடனையைப் பார்த்ததும் ‘இது எந்தத் தேசத்துச் சரக்கு?’ என்று கேட்காமல், ‘இதில் யாருடைய ஞாபகம் தொங்குகிறது?’ என்று கேட்க எனக்கு அவர் கற்றுக்கொடுத்தார்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நெய்வேலியைப் போல வாய்ப்பான ஊர் கிடையாது. மற்ற ஊர்களில் பண்டிகைக்கென்று ஒரு வீடு இருக்கும். தாத்தா கட்டிய திண்ணை, மாடக்குழி, நிலைப்படி. நெய்வேலியில் யாருக்கும் அப்படி ஒன்று இல்லை. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே 20-ந் தேதி நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மறு வருஷம், சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. அங்கே முன்பே குடியிருந்த கிராமத்து ஜனங்கள் வீடு வாசலை விட்டு எழுந்து போனார்கள். அவர்களைப் பற்றி எழுதவேண்டிய நாவல் தமிழுக்கு இன்னும் பாக்கி. வந்தவர்களுக்கு வட்டம் வட்டமாக, ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ். சுவர் கம்பெனியுடையது, வேலை இருக்கிற வரையில்தான் குடியிருப்பு. மாடக்குழி வெட்டவா முடியும்? இப்படிப்பட்ட வீட்டில் பரம்பரை என்பது பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள்தான் இருந்தாக வேண்டும்.

நண்பர் குறை சொன்ன வீட்டுக்கு மறு டிசம்பரில் நானும் போனேன். வீட்டுக்காரர் அனல் மின் நிலையத்தில் வேலை. திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர். மனைவி பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. சபை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்று. உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை. அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் குடில், நடுச்சாமப் பூசை, பூசை முடிந்து வந்த பிறகே குழந்தை இயேசுவைத் தொட்டிலில் கிடத்துவது. அந்த அம்மாள் வீட்டில் சுரூபம் என்ற பேச்சே ஆகாது. நட்சத்திரம், காகிதத் தோரணம், ராத்திரி கீத பவனி, விடியற்காலம் நாலு மணிக்கு ஆராதனை. கல்யாணம் பேசும்போது பெண்ணின் தகப்பனார் ஒரு நிபந்தனை போட்டாராம்: பொம்மை வைக்கிறதானால் வையுங்கள், அதற்கு முன்னால் மெழுகுவத்தி மட்டும் கொளுத்தக் கூடாது. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். அதனால் அந்த வீட்டுக் குடிலில் ஒரு விளக்கும் கிடையாது. ஆனால் மூங்கில் சிம்பும் வர்ணக் கடுதாசியும் மைதாப் பசையுமாகச் செய்த அம்மாளின் நட்சத்திரம், வாசலில் தொங்குவதை விட்டு, உள்ளே குடிலுக்கு நேர் மேலே தொங்குகிறது. பல்பு நட்சத்திரத்துக்குள். வெளிச்சம் விழுவது குடிலின்மேல். யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எந்த அலங்கார நிபுணராலும் இப்படி ஒரு இடத்தில் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டிருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

பஞ்சைப் பற்றிக் கேட்டேன். “பனியா? இது எங்க ஆச்சி ஆஸ்பத்திரியிலருந்து கொண்டாந்த பஞ்சுல்லா, அண்ணாச்சி!” என்றார் அந்த அம்மாள். பாட்டி மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருந்தவர். டிசம்பரில் மிச்சப்பட்ட பஞ்சுச் சுருளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பேத்திகளை உட்கார வைத்துப் பிய்க்கச் சொல்வாராம். பாட்டி பனியைக் கண்டதில்லை, தாயார் கண்டதில்லை, இந்த அம்மாளும் கண்டதில்லை. பிய்க்கிற விதம் மட்டும் கைமாறி வந்திருக்கிறது: கிழிக்கக் கூடாது, இழுத்து விடவேண்டும். நண்பர் இங்கிலீஷ் பனியைப் பார்த்தார். அங்கே இருந்தது மருந்து வாசனை அடிக்கிற ஒரு பாட்டி.

குடிலைப் பற்றி, கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. 1223-ல் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து குடில் பிரபலமாயிற்று என்பார்கள். அது ஒரே புத்தகத்தைப் பார்த்துச் செய்த காட்சி அல்ல. இடையர்களும் தீவனத் தொட்டியும் லூக்கா எழுதியவை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மத்தேயுவில்தான் வருகிறார்கள்; அங்கே அவர்கள் நுழைவது ஒரு வீட்டுக்குள். மாடும் கழுதையும் இரண்டு பேரிடமும் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் ஒரு வாக்கியத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டவை. ஆகவே குடிலை நன்றாக அமைப்பது என்பது கதையை நன்றாக அமைப்பது. அந்தத் திருச்சிக்காரர் இதை அறிந்தவர். அவர் வீட்டு மூன்று ராஜாக்கள் குடிலில் இல்லை. டிசம்பர் இருபதாம் தேதி அவர்கள் புஸ்தக அலமாரியின் உச்சியில் இருந்தார்கள். தினம் ஒரு முழம் நகர்ந்து, ரேடியோப் பெட்டி, தையல் மிஷின், ஜன்னல் விளிம்பு என்று பிரயாணம் செய்து, ஜனவரி ஆறாம் தேதிதான் போய்ச் சேருவார்கள். தொட்டில் காலியாகவே காத்திருக்கிறது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் ராஜாக்கள் எதுவரை வந்துவிட்டார்கள் என்று பார்க்கிறார்கள். தொடர்கதை எழுதுகிறவர்கள் இந்த வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கலாம்.

கடையில் விற்கிற ஆயத்தக் குடிலில் எல்லாரும் முதல் நாளே வந்து நின்றுவிடுகிறார்கள். முடிவை முதல் பக்கத்தில் சொல்லிவிட்ட கதை அது. என் புகார் பொம்மைகளின்மேல் இல்லை. பண்ருட்டிப் பக்கத்தில் கொலுவுக்குச் செட்டியார் செய்கிற கைகளே குடிலுக்கு இடையர்களையும் செய்கின்றன. இடையர் முகத்தில் செட்டியாரின் சாயல் தெரிந்தால் எனக்குச் சந்தோஷமே. குடில் போட்டி என்று வைத்துப் பரிசு கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். பரிசுக்காகச் செய்த குடிலில் நீர்வீழ்ச்சி விழும், ரயில் ஓடும், எட்டு வர்ண விளக்கு எரியும். வீட்டில் யார் இறந்துபோனார்கள், யார் ஊரில் இல்லை என்பது மட்டும் தெரியாது. நண்பர் விரும்புகிற சுதேசி ஜோடனையையும் இந்தப் போட்டிகளில் பார்த்திருக்கிறேன். வாழைமரமும் பனை ஓலையும் மண்பானையும் அளவெடுத்து வைத்திருந்தார்கள். அதுவும் படத்தைப் பார்த்துச் செய்ததுதான்.

தமிழ்ப்படுத்துவதை நான் மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நெய்வேலிக்கு மேற்கே, விருத்தாசலத்தைத் தாண்டினால் கோணான்குப்பம். அங்கே வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. மாதா சேலை உடுத்த தமிழ்த் தாய். அவருடைய ‘தேம்பாவணி’ 1726-ல் முடிந்தது. 36 படலம், 3615 பாட்டு. யூதேயா தேசம் அதில் நம் மருத நிலமாகவே விளைகிறது. காவியத் தலைவனாக அவர் தேர்ந்துகொண்டது சூசையப்பரை. அற்புதம் செய்பவரை விட்டுவிட்டு, வீட்டைத் தாங்குகிற மனிதரைத் தலைவனாக்கினார் பாருங்கள், அதுதான் பெரிய துணிச்சல். சேலையும் வயலும் அதற்குப் பின்னால் வந்தவை.

அப்படி ஒரு தொடக்கம் இருந்தும், நம் உரைநடைக் கதை இந்த வீட்டுக்குள் நுழைய ரொம்ப நாள் தயங்கியது. முதல் தமிழ் நாவலை 1879-ல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ஆனால் அவருடைய பிரதாப முதலியார் வீட்டில் கிறிஸ்துமஸ் வராது. அது வேறு வீடு. 1964-ல் ஹெப்சிபா ஜேசுதாசன் ‘புத்தம் வீடு’ எழுதியபோது ஒரு கிறிஸ்தவ வீடு, யாருக்கும் விளக்கம் சொல்லாமல், தன் போக்கில் தமிழ் நாவலுக்குள் வந்து உட்கார்ந்தது. இடையில் 85 வருஷம். பத்திரிகைக் கதைகளில் இன்றும் கேக்கையும் நட்சத்திரத்தையும் வைத்துக் கிறிஸ்தவர் வீடு என்று அடையாளம் காட்டிவிடுகிறோம். அச்சு முறுக்கு யார் வீட்டு அச்சு, முந்திரிக்கொத்துக்குப் பாகு பதம் பார்ப்பது மாமியாரா மருமகளா என்று விசாரிக்கிற கதை அபூர்வம்.

நெய்வேலி வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். மின் நிலையம் பண்டிகைக்கென்று நிற்பதில்லை. ஊரெல்லாம் நட்சத்திரம் எரிய வேண்டுமானால் யாராவது அன்று ராத்திரி கொதிகலன் பக்கம் இருந்தாக வேண்டும். பல வருஷங்களில் அந்த முறை இவருக்கே வந்திருக்கிறது. நடுச்சாமத்துக் குழந்தை, தகப்பன் ஷிஃப்ட் முடிந்து வருகிற வரையில் காத்திருக்கும். அம்மாள் பிள்ளைகளோடு நாலு மணி ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறரைக்குச் சைக்கிள் மணி. அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்த பிறகு, கடைசிப் பிள்ளை குழந்தையைக் கிடத்தும். திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் இல்லாத இந்த வழக்கத்தை, கல்யாணமாகிப் போன மூத்த பெண் தன் வீட்டிலும் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷனுக்கு ஷிஃப்ட் வேலை இல்லை. ஆனாலும் காலை ஆறரைக்குத்தான்.

அந்தக் குடிலின் மலை, பிள்ளைகளின் கைவேலை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைச் சுட்டு ‘லெக்கோ’ என்று அடுப்புக்கரிக் கட்டிகள் செய்து விற்றார்களே, அந்தக் கட்டிகளை அடுக்கிக் குகையாகக் கட்டியிருந்தார்கள். கரியின்மேல் பாட்டியின் பஞ்சு நன்றாகவே எடுபட்டது. பொங்கலுக்குள் குடிலைப் பிரித்து, கட்டிகளை அடுப்பில் போட்டுவிடுவார்களாம்.

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருச்சியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராஜாக்கள் இப்போது பிரிட்ஜின் உச்சியிலிருந்து புறப்படுகிறார்கள். இளைய பெண் வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் மரம் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறாள். அதன் கிளை நுனியில் பனியையும் கம்பெனிக்காரனே பூசிக் கொடுத்துவிட்டான். அம்மாள் அதன்மேலும் கொஞ்சம் பஞ்சை இழுத்துவிட்டிருந்தார். லெக்கோ செய்த ஆலையை மூடிவிட்டார்கள். கடைசி வருஷத்து மலையிலிருந்து எடுத்துவைத்த ஏழெட்டுக் கட்டிகள் மட்டும் பழைய செய்தித்தாளில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கின்றன. அவற்றை அடுப்பில் போட யாருக்கும் மனம் வரவில்லை. அடுக்கினால் குகை பாதிதான் எழும்புகிறது. மீதிப் பாதிக்குப் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி வைக்கிறார்கள்.