வாடகை வீடும் தோலின் நிறமும்

1986இல் நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா, ‘தொலைபேசி உரையாடல்’ என்றொரு கவிதை யாத்துள்ளார். இங்கிலாந்தில் வாடகை வீடு தேடும் ஆப்பிரிக்கர் ஒருவர் வீட்டுக்கார அம்மையாரோடு பேசுவதே அதன் பொருள். அதனை வெறும் நகைச்சுவைப் பாட்டு என்பாருளர். அது பொருந்தாது.

கவிதையின் அமைப்பை நோக்குக. வாடகையில் வழக்கில்லை, இடத்தில் குறையில்லை. வீட்டுக்காரர் கேட்கத்தக்கவை முதலிலேயே முடிந்துவிடுகின்றன. எஞ்சுவது தோலின் நிறமே. எத்துணைக் கறுப்பு என அம்மையார் வினவுகிறார். வசைச்சொல் ஒன்றுமில்லை, அப்பண்பான குரலே சுடுகிறது.

உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் என ஒவ்வொன்றின் நிறத்தையும் அவர் எடுத்துச் சொல்வது நயக்குறைவு எனச் சிலர் கருதலாம். யான் உடன்படேன். தம்மை நிறத்தால் அளந்தவரிடம் அவ்வளவுகோலையே திருப்பி நீட்டுகிறார்.

பிரிட்டனில் இனங்காட்டி வீடு மறுப்பதை 1968ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் தடுத்தது. வீட்டுக்காரர் உடன்வாழும் சிறு வீடுகளுக்கு விலக்கும் அளித்தது. இக்கவிதையின் அம்மையாரோ தாம் அங்கு வாழ்வதில்லை என்கிறார். அவ்விலக்கும் அவருக்கு உதவாது.

இனம் குறித்த வாடகை விளம்பரங்களை நம் நாட்டிலும் கண்டு வருந்துகிறோம். ஆசிரியப் பெருமக்கள் இக்கவிதையை உயர்வகுப்பு மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று. நாமும் வீடு வாடகைக்கு விடுகையில் குலம் வினவுவோமாயின், அவ்வம்மையாரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.