நோட்டீஸ் முகம்

புதுவயல் பக்கம் திருவிழா வந்தால், சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடக நோட்டீஸ் சுவரேறிவிடும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவருக்கும் ஒரு மார்பளவுப் படம், கீழே பெயர், ஊர். கலைஞருக்கு அடுத்த நாடகத்தைப் பேசி வைப்பது அந்தப் படம்தான்.

ஃபிலிம் காலத்தில் அதற்குப் பின்னால் ஒரு பென்சில் இருந்தது. கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அங்கே புள்ளி புள்ளியாக நிரப்பினால், பிரிண்டில் கருமை குறைந்துவிடும். கொஞ்சம் கூடினால் முகம் மெழுகுப் பொம்மை. கைதேர்ந்தவர் களைப்பை மட்டும் எடுப்பார். சிரிப்புக் கோட்டையும் மச்சத்தையும் தொடமாட்டார்.

ஃபோட்டோஷாப்பிலும் அதே அளவுதான் அழகு. மேடையேறுபவரை ஊர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே!