வோல்கோகிராடை எப்படிச் சுற்றிப் பார்ப்பது

வோல்கோகிராடுக்கு மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகள், வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சீனியர்களோடு மாமயேவ் குர்கான் குன்றுக்குப் போய்விடுகிறார்கள். வாளேந்தி நிற்கும் பெரிய சிலைக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்து, அன்றிரவே வீட்டுக்கு அனுப்பியும் விடுகிறார்கள். ஊர் பார்த்தாயிற்று. அதன் பிறகு ஆறு வருஷமும் வகுப்பு, ஹாஸ்டல், மால், மறுபடியும் ஹாஸ்டல். ஊர் சுற்றத் தோன்றினால் மாஸ்கோவுக்கு ரயில் ஏறுவார்கள். கேட்டால், "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்பார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1589இல் த்ஸாரித்ஸின் என்ற பெயரில் கோட்டையாகத் தொடங்கிய ஊர் இது. ஆனாலும் கோட்டையோ அரண்மனையோ இன்று கண்ணில் படாது. 1925 முதல் 1961 வரை இதன் பெயர் ஸ்டாலின்கிராட். அந்தப் பெயரைச் சொன்னால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. 1942 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் விமானங்கள் சரமாரியாகக் குண்டு வீசத் தொடங்கின. 1943 பிப்ரவரி 2இல் சண்டை ஓய்ந்தபோது நடு ஊரில் உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. இன்று தெருவில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்ததுதான்.

அதனால் இந்த ஊரைச் சுற்றும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: இது போருக்கு முந்தியதா, பிந்தியதா? இந்தக் கேள்வியோடு போனால் பஸ் ஸ்டாப் கூடச் சுவாரசியமாகிவிடும்.

ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். கோபுரமும் கூர்முனையும் வைத்த அந்தக் கட்டடம் நூறு வருஷப் பழசு போலத் தெரியும். கட்டி முடித்தது 1954இல். எதிரே சதுக்கத்தில் ஆறு குழந்தைகள் கைகோத்து ஒரு முதலையைச் சுற்றி ஆடும் நீரூற்று இருக்கிறது. 'பர்மலேய்' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எம்மனூயில் யெவ்ஸெரிகின் என்ற போர்க்களப் புகைப்படக்காரர் 1942 ஆகஸ்டில் எடுத்த படத்தை முதலில் போனில் தேடிப் பாருங்கள். பின்னால் கட்டடங்கள் எரிகின்றன. முன்னால் அதே ஆறு குழந்தைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இந்த நீரூற்று வேறு மாதிரி தெரியும். இப்போது நிற்பது 2013இல் வைத்த நகல். பனோரமா அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், சிதைந்த கோலத்தில் இன்னொரு நகலையும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

அங்கிருந்து சற்று நடந்தால் 'வீழ்ந்த வீரர்கள் சதுக்கம்'. அணையா விளக்கின் முன் சீருடையில் காவல் நிற்பவர்கள் ராணுவத்தினர் அல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1965இலிருந்து நடக்கும் வழக்கம் இது. காவல் மாறும் நேரம்வரை காத்திருந்து பாருங்கள். அதே சதுக்கத்தில் ஒரு பாப்லர் மரம் நிற்கிறது. போரில் பிழைத்த மரம். முந்தியதா பிந்தியதா என்ற கேள்விக்கு நடு ஊரில் "முந்தியது" என்று பதில் சொல்வது அபூர்வம், இந்த மரம் சொல்லும். சிலைகளை எல்லாம் படம் எடுத்துவிட்டு இதைக் கவனிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து, ஆற்றங்கரையில் இருக்கும் சிவப்புச் செங்கல் மாவு மில்லுக்குப் போங்கள். கெர்கார்ட் மில் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கூரை இல்லை, ஜன்னல் இல்லை, நான்கு பக்கச் சுவரிலும் குண்டடி பட்ட துளைகள். பழுது பார்க்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு முழு மாலை கொடுக்கலாம். செங்கல்லுக்கு உள்ளே கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் இருந்ததால்தான் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு இது நின்றது. கட்டடத்தைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் துளைகள் நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். சுட்டவர்கள் எங்கிருந்து சுட்டார்கள் என்று சுவரே சொல்லிவிடும்.

தெருவைக் கடந்தால் எதிரே நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று. அதுதான் பாவ்லவ் வீடு. சார்ஜென்ட் யாகவ் பாவ்லவின் பெயரால் வழங்கும் இந்த வீட்டைச் செம்படையின் சிறு குழு 58 நாள் விடாமல் காத்தது. போர் ஓய்ந்த சில மாதங்களிலேயே அலெக்சாண்ட்ரா செர்க்காசவா என்ற பெண் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு இதைத் திரும்பக் கட்டும் வேலையைத் தொடங்கினார். மற்ற ஊர்களிலும் தன்னார்வலர்கள் இப்படிக் கட்டட வேலையில் இறங்க, அதற்குச் செர்க்காசவா இயக்கம் என்றே பெயர் வந்துவிட்டது. பக்கச் சுவரில் சிதைந்த செங்கல்லை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். மற்றபடி அது இன்றும் ஆட்கள் வசிக்கும் வீடு. பால்கனியில் துணி காயும். உள்ளே நுழைய முயலாதீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

மில்லை ஒட்டி இருப்பது பனோரமா அருங்காட்சியகம். மாணவர் அட்டையை எடுத்துப் போங்கள், கட்டணத்தில் சலுகை கிடைக்கும். குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றி வாசலில் கோட்டு வைக்கும் அறையான கார்திரோபில் கொடுத்தாக வேண்டும். கோட்டின் கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் ஆணியில் மாட்ட ஒரு சின்ன வளையம் இருக்கிறதா என்று ஹாஸ்டலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது அறுந்திருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் சும்மா விடமாட்டார்கள். ரஷ்ய அருங்காட்சியகங்களில் அறைக்கு அறை ஒரு பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர்களுக்கு "ஸ்த்ராஸ்துவீச்சே" என்று ஒரு வணக்கம் சொல்லுங்கள். முகம் கடுகடுவென்று இருந்தாலும் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பொருளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவார்கள்.

மேல்தளத்தில், வட்ட அறையைச் சுற்றிலும் 120 மீட்டர் நீளம், 16 மீட்டர் உயரத்தில் ஒரே ஓவியம். 1943 ஜனவரி 26 அன்று மாமயேவ் குர்கான் மேலிருந்து போர்க்களம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதைத் தீட்டியிருக்கிறார்கள். முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்தால் தலைதான் சுற்றும். ஓவியத்துக்கு முன்னால் தரையில் மண், முள்கம்பி, உடைந்த ஆயுதங்கள் என்று நிஜப் பொருட்களைப் பரப்பியிருக்கிறார்கள். நிஜம் முடிந்து ஓவியம் தொடங்கும் கோட்டைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். அது சட்டென்று பிடிபடாது. அந்தத் தேடலில் ஓவியர்களின் கைத்திறன் முழுவதும் புரிந்துவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு மாமயேவ் குர்கானுக்கு வாருங்கள், முதல் ஞாயிறன்று வேண்டாம். ராணுவ வரைபடத்தில் இதன் பெயர் வெறும் 'உயரம் 102'. இந்த மேட்டுக்காக இரு தரப்பும் மாதக் கணக்கில் அடித்துக்கொண்டன. போர் நடந்த 200 நாளைக் குறிக்க 200 படிகள். ஏறும் வழியில் நீர்த்தொட்டி நடுவே பாறையிலிருந்து எழும் வீரனின் முகம் 62ஆம் படைத் தளபதி வசீலி சூயிக்கவின் சாயலில் இருக்கும் என்பார்கள். அவரை அடக்கம் செய்திருப்பதும் இந்தக் குன்றில்தான்.

'தாய்நாடு அழைக்கிறது' சிலையின் மொத்த உயரம் 85 மீட்டர், அதில் வாள் மட்டும் 33. சிற்பி யெவ்கேனி வுச்சேதிச், பொறியாளர் நிக்கலாய் நிகிதின். மாஸ்கோவின் ஒஸ்தான்கினோ கோபுரத்துக்குக் கணக்குப் போட்டவரும் இதே நிகிதின்தான். சிலையை அடித்தளத்தோடு பிணைக்கவில்லை. கான்கிரீட் உடம்பு தன் எடையாலேயே நிற்கிறது, உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிவடங்கள் அதை விறைப்பாக வைத்திருக்கின்றன. முதலில் வைத்த வாள் காற்றில் படபடத்ததால் 1972இல் மாற்றினார்கள். காற்று ஊடுருவிப் போகப் புதிய வாளில் துளைகள் உண்டு. நல்ல வெளிச்சமுள்ள நாளில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வாளின் நுனிப்பக்கம் அவை தெரியும்.

சிலைக்குக் கீழே வட்ட மண்டபம். தரையிலிருந்து எழும் ஒரு கை தீபம் ஏந்தியிருக்கும். சுவரெங்கும் இறந்தவர்களின் பெயர்கள். மெல்லிய இசை ஓடிக்கொண்டே இருக்கும். அதை இயற்றியவர் ராபர்ட் ஷூமன், ஒரு ஜெர்மானியர். ஜெர்மானியரோடு போரிட்டு மாண்டவர்களின் மண்டபத்துக்கு ஒரு ஜெர்மானியரின் இசையைத் தேர்ந்தெடுத்தார்களே, அந்த மனசை என்னவென்று சொல்வது! இந்தக் குன்று முழுவதும் கல்லறை. 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் உடல்கள் இங்கே புதைந்திருக்கின்றன. ரீல்ஸ் வேண்டாம். சிலையை வைத்துக் குறும்பு வீடியோ எடுத்தவர்மேல் வழக்கே நடந்திருக்கிறது. பாஸ்போர்ட் நகலும் பதிவுச் சீட்டும் பையில் இருக்கட்டும்.

திரும்பும்போது டாக்ஸி வேண்டாம், குன்றின் அடிவாரத்திலேயே மெட்ரோ டிராம் நிற்கும். வோல்கா ஓரமாக 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒல்லியான ஊர் இது. 1984இல் வந்த இந்த டிராம் நடு ஊரில் பூமிக்கு அடியில் மெட்ரோவாகவும், வடக்கே தொழிற்சாலைப் பகுதியில் தரைமேல் சாதாரண டிராமாகவும் ஓடும். வண்டிக்கு வலப்பக்கம் மட்டும் கதவு இருந்ததால், நடுவில் பிளாட்பாரம் வைத்த சுரங்க நிலையங்களுக்காகத் தண்டவாளங்களை மேலும் கீழுமாகக் குறுக்கே விட்டு இடம் மாற்றியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை கடைசி நிறுத்தமான டிராக்டர் தொழிற்சாலைவரை சும்மா போய்வாருங்கள்.

தென்கோடியில் இருக்கும் சரேப்தாதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எலெக்ட்ரிச்கா என்ற புறநகர் ரயிலில் போகலாம். ஜெர்மன் படை அங்கே நுழையாததால் "முந்தியது" என்ற பதில் வரிசையாகக் கிடைக்கும் மூலை. ஹெர்ன்ஹூட் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் 1765இல் அமைத்த குடியிருப்பு இது. 1772இல் கட்டிய தேவாலயத்தில் இன்றும் ஆர்கன் கச்சேரி நடக்கிறது. டிக்கெட் விலை மாணவருக்குக் கட்டுப்படியாகும். இதே சபையினர் சரேப்தாவுக்கு ஐந்து வருஷம் முன்பு, 1760இல், நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள். தரங்கம்பாடியில் அவர்கள் நிலைக்கவில்லை, இங்கே கடுகு போட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். சரேப்தா கடுகு என்றால் ரஷ்யா முழுக்கப் பிரபலம். தாவரவியல்படி அது நாம் தாளிக்கும் கடுகின் இனமேதான். கடுகெண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிவந்து ஹாஸ்டல் சமையலில் பயன்படுத்திப் பாருங்கள், நெடி ஊரை நினைவூட்டும். சென்னையும் வோல்கோகிராடும் 1960களிலிருந்து சகோதர நகரங்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

மே கடைசியிலும் ஜூனிலும் ஆற்றங்கரைப் பக்கம் போனால் மோஷ்கா என்ற பொடி ஈ மொய்க்கும். ஊர்க்காரர்கள் கேக்குக்குப் போடும் வெனிலின் தூளைத் தண்ணீரில் கரைத்து முகத்தில் பூசிக்கொள்வார்கள். நீங்களும் பூசிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கோடையில் ஆற்றுத் துறையிலிருந்து எதிர்க்கரை கிராஸ்னஸ்லபோத்ஸ்குக்குப் படகு போகும். ஊரின் ஆற்றோரத்தை நீளவாக்கில் பார்க்க அதுதான் வழி. மேற்குக் கரை மேடு, கிழக்குக் கரை சமவெளி. 1942 இலையுதிர்காலத்தில் சூயிக்கவின் படை அந்த மேட்டின் விளிம்பில் ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றது. ஆளும் குண்டும் ரொட்டியும் இந்தச் சமவெளிக் கரையிலிருந்துதான் இரவோடு இரவாகப் படகில் போயின. நடு ஆற்றில் படகின் பின்பக்கம் நின்று பாருங்கள். மில், பனோரமா, வாளேந்திய சிலை மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும். ஊர் ஏன் இப்படி ஒல்லியாக இருக்கிறது, சண்டை ஏன் அந்த ஒரு மேட்டுக்காக நடந்தது என்பதற்கு எந்த வழிகாட்டியும் தேவைப்படாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள். தவறவிட்டால் பாலம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும், அதற்குள் ஹாஸ்டல் கதவைப் பூட்டிவிடுவார்கள்.