பேக்கிங் முடிந்து வரும் பாட்டு

எங்கள் கம்பெனியில் தையல் மிஷின் வரிசைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் தொங்குகிறது. காலையில் இளையராஜா, டீ முடிந்ததும் ரஹ்மான், மதியம் கண்ணைச் சொருகும் நேரத்துக்குத் தேவா, ஒன்றரை சிப்ட் ஓடினால் அனிருத். சூப்பர்வைசர் அண்ணன் போட்டுவைத்த வரிசை இது. யாரும் கேட்டு வாங்கியதில்லை, யாரும் மாற்றச் சொன்னதுமில்லை.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில், செக்கிங்கில் இருக்கும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். "அக்கா, இவங்க யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்." ஐந்து கொரியப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நல்ல ஆட்டம், நல்ல ட்யூன். எனக்குத் தெரியவில்லை. "நீங்க ஆர்மின்னு சொன்னாங்களே, இதுகூடத் தெரியாதுங்களா?"

தெரியாததுகூடப் பரவாயில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை, அதுதான் உறுத்தியது. பிடிஎஸ்ஸின் ஏழு பேருடைய பிறந்தநாளையும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொன்னவள் நான். புதிதாக வருகிறவர்களிடம் என்ன குறைகிறது? அல்லது என்னிடமா?

"பழசு மாதிரி வராது" என்பது சுலபமான பதில். கேட்டுப் பார்த்தால் அது பொய். இன்றைய குழுக்கள் அறிமுக நாளிலேயே ஆடுகிற ஆட்டத்தைப் பழையவர்கள் பலர் மூன்றாம் வருடத்தில்தான் ஆடினார்கள். விற்பனையும் குறையவில்லை. 2023 ஜூலையில் வந்த ஜீரோபேஸ்ஒன் குழுவின் முதல் ஆல்பம் முதல் வாரத்திலேயே 18 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பிடிஎஸ் 2013 ஜூனில் அறிமுகமானது. கொரிய டிவி இசை நிகழ்ச்சி ஒன்றில் முதல் பரிசு வாங்க அவர்களுக்கு 2015 மே வரை ஆனது. கணக்குப்படி பார்த்தால் புதியவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

ஆனால் புகழ் என்பது வேறு கணக்கு. கேட்க விரும்பாதவர் காதிலும் விழுந்து, அவர் வாயிலும் ஒட்டிக்கொள்வதுதான் புகழ். 2012இல் 'கங்னம் ஸ்டைல்' அப்படி வந்தது. கொரியா எங்கே இருக்கிறது என்று தெரியாத எங்கள் தெருப் பையன்கள் கோயில் நோம்பியில் குதிரை ஓட்டுகிற மாதிரி ஆடினார்கள். ஜீரோபேஸ்ஒன் ஆல்பம் வாங்கிய லட்சக்கணக்கானவர்களுக்கு வெளியே அந்தப் பாட்டு யார் வாயில் இருக்கிறது?

இன்னொரு சம்பவம். 2024 ஜனவரியில் நம் பக்கத்து கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், சேர்த்துவைத்த 14,000 ரூபாயோடு பிடிஎஸ்ஸைப் பார்க்கக் கொரியாவுக்குக் கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவதாகத் திட்டம். காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். செய்தியைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜனவரியில் பிடிஎஸ்ஸின் ஏழு பேருமே கட்டாய ராணுவ சேவையில் இருந்தார்கள். மேடையில் ஒருவர்கூட இல்லை. புதுக் குழுக்களோ தினமும் ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கிளம்பியது இல்லாதவர்களைப் பார்க்க. இதை எந்த விற்பனைக் கணக்கு விளக்கும்?

என் கதையைச் சொன்னால் கொஞ்சம் விளங்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு. நான் பதினோராம் வகுப்பு. கம்பெனிகள் மூடி, திருப்பூரே மிஷின் சத்தம் இல்லாமல் கிடந்தது. ஆன்லைன் கிளாஸுக்காக அப்பா கடன் வாங்கி ஒரு போன் வாங்கித் தந்தார். அந்த ஆகஸ்டில் 'டைனமைட்' வந்தது. எங்களுக்கு அப்போது இருந்தது இரண்டே இரண்டு: புது போன், தீராத நேரம். ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனோம். அறிமுகத்துக்கு முன்பே, 2013 ஜனவரியில், ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அவர்கள் தங்களிடமே பேசுவதுபோல எடுத்துப் போட்ட வீடியோக்கள் வரை போனோம்.

அங்கே எங்களுக்கு வேலை இருந்தது. ஆங்கில சப்டைட்டிலைப் படித்து வாட்ஸப் குழுவில் தமிழில் சொல்ல ஒருத்தி. அவர்களுடைய ஆட்டத்தை விஜய் பாட்டோடு ஒட்டி எடிட் போட இன்னொருத்தி. "ஏம்மணி, பொட்டப்புள்ளையாட்டம் லிப்ஸ்டிக் போட்டுட்டிருக்கறான்?" என்று கேட்கும் அம்மாவுக்குப் பதில் சொல்ல எல்லோரும். ஏழு பேர் ஒரே அறையில் படுத்து எழுந்த கதை எங்களுக்குப் புரிந்தது. பெரிய கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பெனி, எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்ற பயம். ஜாப் ஒர்க் எடுக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு சப்டைட்டில் தேவையில்லை. எந்தக் குழுவுக்காக நாம் உழைத்தோமோ அந்தக் குழு நம்முடையது ஆகிவிடுகிறது. பிரியம் என்பதில் பாதி அந்த உழைப்புதான்.

புதுக் குழு எப்படி வருகிறது? பேக்கிங் முடிந்து, பாலி பேக்கில் போட்டு, பார்கோடு ஒட்டி வருகிறது. பல மொழி சப்டைட்டில் தயார். தினசரி வீடியோவைக் கம்பெனியே எடுத்துக் கொடுக்கிறது. ரசிகர் ஆட வேண்டிய 15 விநாடி எது என்பதையும் அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். ரசிகர் செய்ய மிச்சம் இருப்பது வாங்குவதும், திரும்பத் திரும்ப ஓடவிட்டு எண்ணிக்கையை ஏற்றுவதும்தான். அது பீஸ் ரேட் வேலை. அதில் கூலி உண்டு, உறவு இல்லை.

வேகம் அடுத்த காரணம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மெர்ச்சண்டைசர் உத்தியோகம். முன்பெல்லாம் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டே சீசன். ஒரே ஸ்டைல் மாசக்கணக்கில் லைனில் ஓடும். பழைய டெய்லர் அக்காக்கள் அந்தக் காலரை இன்னும் கண்ணை மூடிக்கொண்டு தைப்பார்கள். இப்போது பையர் சின்னச் சின்ன ஆர்டராகப் போடுகிறார். கை பழகுவதற்குள் ஸ்டைல் மாறிவிடுகிறது. போன வாரம் என்ன தைத்தாய் என்று கேட்டால், "என்னமோ ரவுண்டு நெக்குங்க" என்கிறார்கள்.

கே-பாப்பிலும் இதுவே நடக்கிறது. பிடிஎஸ்ஸின் 'ஸ்பிரிங் டே' 2017இல் வந்தது, நீளம் நாலரை நிமிடம். கொரியாவின் மெலான் பட்டியலில் அது ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. 2023இல் நியூஜீன்ஸின் 'சூப்பர் ஷை' இரண்டரை நிமிடம். பாட்டு சின்னதாக இருப்பது குற்றமில்லை. எனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது மனசில் ஊறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. நியூஜீன்ஸுக்கு அந்தப் பரவலான புகழ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2022இல் வந்தார்கள்; 2024இல் நிர்வாகச் சண்டை வெடித்து ஒப்பந்த வழக்காகி, மேடையே இல்லாமல் போனது. வளர வேண்டிய வருடங்கள் கோர்ட்டில் போயின.

ஒவ்வொரு தலைமுறையும் இப்படித்தானே புலம்புகிறது என்று நீங்கள் கேட்கலாம். 1992இல் 'ரோஜா' வந்தபோது "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டவர்தான் என் அப்பா. இன்று ரஹ்மான் இல்லாமல் அவருக்கு டீ இறங்காது. ஆனால் அவர் மனசு எப்படி மாறியது? டீக்கடையில், டவுன் பஸ்ஸில், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியில் என்று போகிற இடமெல்லாம் அந்தப் பாட்டு அவரைத் துரத்தியது. தப்பிக்க வழியில்லை. பிடிக்காத பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க ஆரம்பித்தது. இன்று பிடிக்காததை ஒரு விரலால் தள்ளிவிடலாம். அல்காரிதமும் நமக்கு ஏற்கெனவே பிடித்ததையே கொண்டுவந்து கொட்டுகிறது. அதனால் புதியவர்களுக்கு வெறித்தனமான ரசிகர்கள் கிடைக்கிறார்கள். மனசு மாறி வந்து சேரும் எங்கள் அப்பா போன்றவர்கள் கிடைப்பதில்லை.

2025இல் ஒரு வேடிக்கை நடந்தது. 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்' என்ற அனிமேஷன் படத்தில் வரும் 'கோல்டன்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது. பாடியது உலகத்திலேயே இல்லாத ஒரு குழு. அந்தப் பெண்கள் யார், எதை மறைக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று ஒன்றரை மணி நேரம் நம்மை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து கேட்ட கதைதான் பாட்டைத் தூக்கியது. நிஜக் குழுக்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தை யார் தருகிறார்கள்?

நான் தரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எட்டரை மணிக்குக் கம்பெனி, சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற துணி. 2020இல் என்னிடம் இருந்த நேரம் இப்போது இல்லை. 'பிடிஎஸ் மாதிரி வராது' என்று நான் சொல்லும்போது, அந்தப் பதினாறு வயது திரும்ப வராது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் போல. அந்த ஏக்கத்தைப் புதுப் பிள்ளைகளின் குறையாக எழுதினால் அது விமர்சனம் ஆகாது.

அதனால் மறுநாள் அவளிடமே உட்கார்ந்தேன். ஐந்து பேருடைய பெயரையும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். இரண்டு பேரை மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கினேன். "எப்ப கண்ணு இதெல்லாம் கேக்கற?"

"கம்பெனி வேன்லதானுங்க்கா. போக முக்கா மணி, வர முக்கா மணி."

"வேன்ல ஸ்பீக்கர் இருக்குமே, அதுல போடச் சொல்றது?"

"அதுல டிரைவரண்ணன் இளையராஜாதானுங்க போடுவாரு," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அதுவும் நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.