மீட்ட குதிரையும் அடிபட்ட பிள்ளையும்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பெண்ட் என்ற ஊரருகே எரிமலைச் சரளை வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட ஒன்பது ஏக்கர் நிலம். அங்கே 1995இல் ட்ராய் மீடர், கிம் மீடர் தம்பதி கிறிஸ்டல் பீக்ஸ் இளையோர் பண்ணையைத் தொடங்கினார்கள். பட்டினியிலிருந்தும் அடியிலிருந்தும் மீட்ட குதிரைகளோடு, அதே துன்பங்களைக் கண்ட பிள்ளைகளைச் சேர்த்துவைப்பது அவர்களுடைய கிறிஸ்தவ ஊழியம். ஒன்பது வயதில் பெற்றோர் இருவரையும் ஒரே நாளில் இழந்தவர் கிம். அன்று தன்னைத் தாங்கியது ஒரு மட்டக்குதிரை என்கிறார். அவருடைய ‘ஹோப் ரைசிங்’ நூல் 2003இல் வந்தது. அந்த மாதிரியைப் பின்பற்றிப் பிற ஊர்களிலும் பண்ணைகள் எழுந்தன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் சேரப்பணஞ்சேரியில் இது வேர்பிடிக்குமா?

இந்த ஊழியத்தின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: ஒரு பிள்ளை, ஒரு குதிரை, ஒரு வழிகாட்டி. கட்டணம் இல்லை. சவாரியோடு முடிவதில்லை, உடம்பைத் தேய்த்துவிடுவது, குளம்பில் சிக்கிய மண்ணைக் கிளறுவது, லத்தி அள்ளுவது எல்லாம் சேர்ந்ததுதான் வேலை. குதிரை வேட்டைக்கு இரையாகிப் பழகிய இனம். பக்கத்தில் வருபவரின் நடையில் பதற்றம் இருந்தால் ஒதுங்கிவிடும். கோபத்தோடு கிட்டே போகும் பிள்ளை தன்னைத் தணித்துக்கொண்டால்தான் கயிற்றைப் பிடிக்க முடியும். ‘உனக்கு என்னதான் ஆச்சு?’ என்று அங்கே யாரும் துருவுவதில்லை. பெரியவர்களின் கேள்விக்கே அஞ்சிச் சுருண்ட பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. இந்த முறையின் மேல் எனக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

ஆனால் மதிப்பு வேறு, நிரூபணம் வேறு. ஊழியம் முன்வைப்பவை பெரும்பாலும் சாட்சிகள். தேறிய பிள்ளைகளே சாட்சியில் வருகிறார்கள். பாதியில் நின்றவர்கள் வருவதில்லை. குதிரைவழி மனநல சிகிச்சை பற்றிய பதினான்கு ஆய்வுகளை அனெஸ்டிஸ் குழு 2014இல் சலித்துப் பார்த்தது. எல்லாவற்றிலும் முறைக்குறைகள், போதிய சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. மறுபக்கம், கேப்ரியல்ஸ் குழு 2015இல் ஆட்டிசம் உள்ள 127 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பத்து வாரம் பார்த்தது. ஒரு பிரிவுக்கு உயிருள்ள குதிரை. மற்றதற்கு அதே லாயச் சூழலில் குதிரையளவு பொம்மை. எரிச்சலும் துருதுருப்பும் உயிருள்ள குதிரையோடு இருந்தவர்களிடம் கூடுதலாகத் தணிந்தன. ஆக, குதிரை வெறும் அலங்காரம் அல்ல. ஆனாலும் ஆட்டிசத்துக்குக் கிடைத்த முடிவை, வீட்டில் வன்முறை கண்ட பிள்ளைக்கு அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது.

சேரப்பணஞ்சேரியைச் சுற்றி இந்த முறைக்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் ஓடாது. தமிழ் மட்டும் தெரிந்த ஆலோசகர் பேசிப் பயனில்லை. குதிரையிடம் அந்தத் தடை கிடையாது. அதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் குடும்பம் ஓர் இரவில் ஊர் மாறும். ஏற்கெனவே பிரிவில் உடைந்த பிள்ளைக்கு, நெருங்கிப் பழகிய குதிரையையும் பறித்தால் இன்னொரு காயம். வந்த முதல் நாளே விடைபெறும் நாளையும் பிள்ளையிடம் சொல்லித் திட்டமிடாத பண்ணை, நன்மையைவிடத் தீமை செய்யும்.

குதிரையின் பக்கத்தைப் பலர் பேசுவதே இல்லை. ஊட்டிச் சாலைகளில் குப்பை மேயும் மட்டக்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு மீட்பின் தேவையைச் சொல்ல வேண்டாம். மசினகுடி அருகே மாவனல்லாவில் ஐபேன் காப்பகம் அத்தகைய விலங்குகளுக்கு இடம் தருகிறது. ஆனால் நேற்று மீட்ட குதிரை இன்று பிள்ளையோடு நிற்கத் தகுதியானதல்ல. அடிபட்ட குதிரை உதைக்கும், கடிக்கும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய். ரத்தப் பரிசோதனை முடியாமல் பக்கத்தில் விடவே கூடாது. ‘இருவரும் காயப்பட்டவர்கள், ஒருவரையொருவர் ஆற்றுவார்கள்’ என்ற கதை கேட்க இனிக்கிறது. அதை நம்பிப் பயிற்சியைக் குறைத்தால் இரண்டு உயிரும் பலியாகும். பணத்திலும் எச்சரிக்கை வேண்டும். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். தொழிற்பேட்டையில் அந்தப் பணம் கிடைக்கலாம்; ஆனால் அது திட்டம் திட்டமாக வரும் பணம். குதிரை இருபத்தைந்து ஆண்டுகூட வாழும்.

கடைசியாக, விசுவாசம். கூலி வாங்காமல், அதிகாலையில் லத்தி அள்ள ஆட்களை எழுப்புவது அந்த விசுவாசம்தான். 1901இல் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தரத் தொடங்கிய காலம் முதல் தமிழ்நாடு இதைக் கண்டிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வேறெங்கும் போக வழியில்லாத பிள்ளை, தனக்குப் பிரியமான குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி கேட்கும் பிரசங்கத்துக்கு ‘வேண்டாம்’ சொல்ல முடியுமா? அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில்கூட, சிறுவரை மதபோதனையில் சேர்க்கப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3). அந்த வரம்பை இந்தப் பண்ணையும் தானாக ஏற்க வேண்டும். ஜெபம் பணியாளர்களுடையதாக இருக்கட்டும். பிள்ளைக்குரிய நேரத்தில் வேண்டாம்.

முறையை ஏற்கிறேன், முழு வடிவத்தை அப்படியே இறக்குமதி செய்வதை ஏற்கவில்லை. மூன்று பழகிய, நிதானமான குதிரைகள், தேர்ந்த மனநல ஆலோசகர் ஒருவர், முதல் நாளிலிருந்தே எழுதி வைக்கும் பதிவேடு: இவற்றோடு ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். அந்தப் பதிவேட்டில் பாதியில் நின்ற பிள்ளைகளின் கணக்கும் இருக்க வேண்டும்.